கத்திரி வெயிலைத் தாங்கும் பவளம் எது?

இணையத்தில் 'தொடக்கநிலையாளருக்கு ஏற்ற பவளங்கள்' என்று தேடினால் டங்கன், ஹேமர், ஃப்ராக்ஸ்பான், கேண்டி கேன் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாமே வளர்க்க எளிதானவைதான், பொய்யில்லை. ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு நம்மூர்ச் சட்டமும் தெரியாது, நம்மூர் வெயிலும் தெரியாது. மதுரையில் 70, 80 லிட்டரில் ஒரு சின்ன ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைக்க நினைக்கிறவர் இந்த இரண்டையும் முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டால், கடைவாசலை மிதிக்கும் முன்பே முக்கால்வாசித் தேர்வு முடிந்துவிடும்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். மேலே சொன்ன நான்குமே கல் பவளங்கள், அதாவது சுண்ணாம்பில் எலும்புக்கூடு கட்டுகிறவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், கல் பவளங்கள் மொத்தத்தையும் 2001-இல் சேர்த்தார்கள். கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், இசைக்குழல் பவளம், கடல் விசிறிகள். கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. 'யார் சார் வந்து பார்க்கப் போறாங்க' என்று கடைக்காரர் சொல்லலாம். அவர் தரும் பில் உங்களைக் காப்பாற்றாது.

இதில் ஏமாற இடமுண்டு. கடல் விசிறி தொட்டால் வளையும், ஆகவே 'இது சாஃப்ட் கோரல்தான்', அதாவது கல் எலும்புக்கூடு கட்டாத மென்பவளம்தான் என்று விற்பார்கள். இசைக்குழல் பவளத்தின் பாலிப்கள் (பூப்போல விரியும் சிறு உயிர்கள்) விரிந்திருக்கும்போது சாதாரண மென்பவளம் போலவே தெரியும். அடியைத் திருப்பிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் குழல் குழலாக எலும்புக்கூடு இருக்கும். அது இருந்தால் வாங்காதீர்கள். தொட்டிக்குள் அடுக்கும் பாறையும் இப்படித்தான். 'லைவ் ராக்' என்று ராமேஸ்வரம் பக்கமிருந்து வருகிற பல துண்டுகள் செத்த பவளமே. உயிரில்லாத பவளத்துக்கும் அதே சட்டம்தான். மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டிக் குவித்த காலம் அதிகம் பின்னால் இல்லை. மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டரில் இருக்கிற கடலிலிருந்து நாமும் ஒரு கல்லை எடுத்துவர வேண்டியதில்லை. செராமிக் பாறை கிடைக்கிறது, அதுவே போதும். வெள்ளை சிமெண்டில் செய்த பாறை வாங்கினால் வாராவாரம் தண்ணீரை மாற்றி ஊறவைத்து, ஊறுகிற தண்ணீரின் பிஎச் 8.5-க்குக் கீழே வந்து நின்ற பிறகுதான் தொட்டிக்குள் போட வேண்டும். ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும்.

சட்டத்தின் சல்லடையில் கழிந்தது போக மிஞ்சுகிறவை: காளான் பவளங்கள், ஜோவா, பச்சை நட்சத்திரப் பாலிப் (எல்லோரும் ஜிஎஸ்பி என்பார்கள்), லெதர் வகைகள், கென்யா மரம், சீனியா. உண்மையில் இது நட்டமே இல்லை. ஒரு சின்னத் தொட்டிக்குப் பொருத்தமான உயிர்கள் இவைதான்.

இனி வெயில். மென்பவளங்களுக்குப் பிடித்த சூடு 25 முதல் 27 டிகிரி. 28.5 வரை முகம் சுளிக்காது. 30-ஐத் தொட்டு நாலைந்து நாள் நின்றால் சீனியா கரையத் தொடங்கும், லெதர் பாலிப்பை வெளியே விடாது, காளான் சுருங்கும். 31, 32 என்று போனால் உடலுக்குள் குடியிருக்கும் பாசியை எல்லாமே வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில், கடலிலேயே, நடந்தது இதுதான். அவ்வளவு பெரிய கடலே தாக்குப்பிடிக்காத சூட்டில் உங்கள் 70 லிட்டர் என்ன செய்யும்? சூட்டோடு இன்னொன்றும் சேர்ந்துவரும். கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 6.2-க்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் மீனும் பாக்டீரியாவும் சுவாசிப்பது கூடும்.

எனவே தொட்டியை எங்கே வைப்பது என்பதும் பவளத் தேர்வில் ஒரு பகுதிதான். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். மே மாதச் சாயங்காலம் அந்தக் கூரையைத் தொட்டுப் பாருங்கள், காரணம் புரியும். கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம் நல்லது. ஏசி அறை என்றால் நாள் முழுக்க ஓட வேண்டும். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் அணைத்தால் தொட்டி தினமும் மூன்று நான்கு டிகிரி ஏறி இறங்கும். நிலையாக 28.5-இல் இருப்பதைவிட அது மோசம். ஒரு நாளில் ஏற்ற இறக்கம் ஒன்று, ஒன்றரை டிகிரிக்குள் இருக்கட்டும்.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வாங்குவதற்கு முன் மின்விசிறியை முயன்று பாருங்கள். தொட்டியின் மேல் விளிம்பில் மாட்டும் சின்ன 12 வோல்ட் விசிறி இரண்டு, தண்ணீர்ப் பரப்பைச் சாய்வாகப் பார்த்து ஓடினால் இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கும். இந்த விஷயத்தில் மதுரைக்காரருக்குத் தூத்துக்குடிக்காரரைவிட யோகம். இங்கே கோடைக்காற்று காய்ந்த காற்று, ஈரத்தை உறிஞ்சும். இரண்டு லிட்டர் ஆவியானால், நாள் முழுக்க 55 வாட் சூட்டைத் தொட்டியிலிருந்து வெளியேற்றியதற்குச் சமம். ஆனால் கண்ணாடி மூடி இருந்தால் விசிறியால் பயனில்லை. மூடியை எடுத்துவிட்டு மீன் குதிக்காமலிருக்க வலை போடுங்கள். விசிறி போட்டும் ஏப்ரல், மே மாதங்களில் 29.5-க்குக் கீழே வரவில்லை என்றால் 1/10 குதிரைத்திறன் சில்லர் போதும். அது வெளியே தள்ளும் சூடு அதே அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் மின்கட்டணம்தான் மிஞ்சும், எனவே காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ஹீட்டர் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மார்கழியில் வீட்டுக்குள் தண்ணீர் 24-க்குக் கீழே போனால் மட்டும் 50 வாட் ஒன்று. இல்லாவிட்டால் வேண்டாம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் எரியும் ஹீட்டர், வெயிலைவிட வேகமாகத் தொட்டியைக் காலி செய்யும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். 70 லிட்டரில் உப்புத்தன்மை 35 (கிலோ தண்ணீருக்கு 35 கிராம்) இருந்து, இரண்டு லிட்டர் ஆவியானால் அது 36. மூன்று நாள் கவனிக்காமல் ஆறு லிட்டர் போனால் 38-ஐத் தாண்டும். 'வெயில் ஒத்துக்கலை' என்று சொல்லப்படும் பல பவளச் சாவுகளுக்குக் காரணம் இந்த உப்பு ஏற்றம்தான். ஆவியான அளவைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் மாட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துத் தினமும் காலையில் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

நல்ல தண்ணீர் என்றால்? போர் தண்ணீர் கூடவே கூடாது. மாநகராட்சிக் குழாயும் கேன் தண்ணீரும் சரிவராது. வீட்டு ஆர்ஓ மெஷினில் சுவைக்காகக் கொஞ்சம் மூலத்தண்ணீரைக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும், சிலவற்றில் மினரல் கேட்ரிட்ஜும் இருக்கும். அதனால்தான் குடிக்கும் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 60, 80 என்று காட்டுகிறது. மெம்பரேனிலிருந்து நேராக வரும் குழாயைப் பிரித்து, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குடுவை வழியாக விட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மெஷினை மாட்டித் தந்த ஆளே இதைப் பத்து நிமிடத்தில் செய்து தருவார்.

உப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தூத்துக்குடிக் கல்லுப்பு கடலிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும். உப்பளத்தில் கால்சியம் ஜிப்சமாக முன்னாடியே படிந்துவிடும், மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசடுநீரோடு வெளியேறிவிடும். நடுவில் விளைவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. சமையலுக்கு அருமை, பவளத்துக்கு ஆகாது. ரீஃப் சால்ட் வாங்கி லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் போட்டு, ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 பாருங்கள். வாரம் ஏழு லிட்டர் மாற்றுவதானால் கால் கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரை வைத்துச் சரிசெய்யாதீர்கள், 35 அளவுள்ள சரிபார்ப்புக் கரைசலை வைத்துச் சரிசெய்யுங்கள்.

மென்பவளம் மட்டும் வைப்பவருக்கு மற்ற அளவீடுகள் தலைவலியே இல்லை. ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8 முதல் 9 டிகேஎச், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கால்சியம் 400-க்கு மேல், மெக்னீசியம் 1300 அளவில். வாராந்திரத் தண்ணீர் மாற்றமே இவற்றைப் பார்த்துக்கொள்ளும். இவற்றை அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் வாங்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆனால் தண்ணீர் 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்று நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்குவது தப்பு. காளானும் ஜோவாவும் கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் விரும்பிகள். அதே கணக்கில் நைட்ரேட் 5 முதல் 20, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருக்கட்டும். இரண்டும் பூஜ்யமானால் காளான் நாளுக்கு நாள் சிறுக்கும், மணல்மேல் காபித்தூள் நிறத்தில் சளிபோல, குமிழி ஏந்திய டைனோ பாசி படரும். அதைப் போக்குவது பவளம் வளர்ப்பதைவிடக் கஷ்டம்.

இனி ஒவ்வொன்றாக.

காளான் பவளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. டிஸ்கோசோமா வழவழப்பான தட்டு, ரோடாக்டிஸ் மேலெல்லாம் சின்னச் சின்ன முடிச்சோடு சொரசொரப்பு. இரண்டுக்கும் குறைந்த வெளிச்சமும் (பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் 'பார்' கணக்கில் 30 முதல் 80) மெதுவான நீரோட்டமும் போதும். வெளிச்சம் கூடினால் ஓரங்கள் மேலே மடிந்து கிண்ணம்போல ஆகும். குறைந்தால் தட்டு அகலமாக விரிந்து காம்பு நீளும். தொட்டி சரியில்லை என்பதை முதலில் சொல்வதும் இதுதான், சரியானால் முதலில் தேறுவதும் இதுதான். ஒட்டவைப்பதுதான் ஒரே சிக்கல். பசை இதில் பிடிக்காது, சளியைச் சுரந்து நழுவிவிடும். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கல் துண்டுகளைப் போட்டு, காளானை மேலே வைத்து, வலைத்துணியால் மூடி, ஓட்டமில்லாத மூலையில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லுக்குப் பசை போட்டு விரும்பிய இடத்தில் ஒட்டலாம். நகரும்போது அடிச்சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுப் போகும், அந்தத் துணுக்குகளே குட்டிகளாக முளைக்கும். இரண்டு எச்சரிக்கை. தட்டளவு பெரிய 'யானைக்காது' காளான் உறங்கும் மீனைப் பந்துபோல மூடி விழுங்கிவிடும். சின்னத் தொட்டியில் வேண்டாம். கரீபியக் கடலிலிருந்து வருகிற ரிக்கார்டியா ஃபுளோரிடா மிக அழகு, விலையும் அப்படியே. நம் கோடைக்கு அது தோதுப்படாது, முதல் வருடத்தைத் தாண்டிய பிறகு யோசியுங்கள்.

ஜிஎஸ்பி என்பது ஊதாநிறப் பாய், அதன்மேல் பச்சைப் புல். வெளிச்சம் கொஞ்சம் கூட வேண்டும், ஓட்டமும் நன்றாக வேண்டும். புதிதாக வந்தது ஒரு வாரம், இரண்டு வாரம்கூட திறக்காமல் வெறும் ஊதாத்தோலாகக் கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் நிறைய. தோல் உறுதியாக இருக்கிறதா, நாற்றமில்லையா, அப்படியானால் பொறுங்கள். அதற்குமேலும் திறக்கவில்லை என்றால் பாயின்மேல் அழுக்கு படிந்திருக்கும். பேஸ்டரால் (பெரிய சொட்டுக்குழாய்) தண்ணீரைப் பீய்ச்சி ஊதிவிட்டு, பவளத்தைப் பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்) பக்கம் திருப்பி வையுங்கள். இதில் பிரச்சினை சாவது அல்ல, அடங்காமல் வளர்வது. முதன்மைப் பாறையில் ஒட்டினால் ஒரே வருடத்தில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும், வேலியோரம் வைத்த கோவைக்கொடி மாதிரி. மணலில் தனியாக நிற்கும் ஒரு கல், அல்லது பின்பக்கக் கண்ணாடி, இரண்டில் ஒன்றுதான் அதன் இடம். பின்கண்ணாடி முழுக்கப் பச்சையாக ஆடுவது, விலைகொடுத்து வாங்கும் எந்தப் பின்னணிப் படத்தையும்விட அழகு.

ஜோவா பற்றிச் சொல்வதற்கு முன் அதன் விஷத்தைச் சொல்ல வேண்டும். ஜோவாவிலும், குறிப்பாக அதன் தடித்த உறவான பாலிதோவாவிலும், பாலிடாக்சின் என்ற மிகக் கொடிய நச்சு இருக்கக்கூடும். எந்தத் துண்டில் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டியைத் தள்ளி நின்று பார்ப்பதில் ஆபத்தில்லை. ஆபத்து வெட்டும்போதும் சுரண்டும்போதும் சூடாக்கும்போதும்தான். ஜோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிநீர் ஊற்றுவதோ வேகவைப்பதோ கூடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பிரஷ்ஷால் தேய்ப்பதும் வேண்டாம். கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். விரலில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் கையுறை போட்டும் தொடாதீர்கள். சின்னக் குழந்தைகள் நாற்காலி போட்டு ஏறிக் கைவிடும் வீடா? அப்படியானால் ஜோவா இல்லாமலே ஒரு நல்ல தொட்டி அமைக்கலாம், அதில் குறை எதுவுமில்லை.

இதையெல்லாம் தாண்டி வைக்கிறவருக்கு, நிறத்தில் இதை அடிக்க வேறில்லை. பார் 50 முதல் 150, நடுத்தர ஓட்டம். ஐந்தாறு தலை உள்ள ஒரு பிராக் (வெட்டியெடுத்த துண்டு) வாங்கினால் போதும், மெல்லப் பெருகும். மூடியே கிடந்தால் தண்ணீரைச் சோதிப்பதற்கு முன் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜோவாவைத் தின்னும் கடல் நத்தை ஒன்று ஓடில்லாமல், அது தின்ற ஜோவாவின் நிறத்திலேயே, தலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். பகலில் கண்ணுக்கே படாது. அதனால்தான் வாங்கியதும் டிப் செய்ய (பூச்சி கொல்லும் கரைசலில் முக்கி எடுக்க) வேண்டும், நான்கைந்து நாள் கழித்து மீண்டும் ஒரு டிப். டிப் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. சுருள் சுருளாக வெள்ளை முட்டைத் திரள் தெரிந்தால் கையுறையோடு இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

லெதரில் குடைபோல விரியும் சார்கோஃபைட்டான் ஒன்று போதும். ஒன்று என்றால் ஒன்றுதான். குழந்தைக் கையளவில் வாங்குவது நாளாவட்டத்தில் ஓரடி அகலத்துக்கு விரியும். பார் 100-க்கு மேல், ஓட்டமும் நன்றாக வேண்டும். அவ்வப்போது பாலிப்பையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, தலையெல்லாம் மெழுகு பூசினாற்போல மினுங்கி, சில நாள் அப்படியே நிற்கும். பிறகு அந்த மெழுகுத்தோல் கிழிசல் கிழிசலாக உரிந்துபோகும். இது நோயில்லை, தோலுரிப்பு. அந்த நாட்களில் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் உரியும். இடம் மாற்றுவதும், மருந்து ஊற்றுவதும், தண்ணீரை மொத்தமாக மாற்றுவதும் அதைக் கொல்லும் வழிகள். இரண்டு வாரம் தாண்டியும் உரியாமல், அடித்தண்டு கருத்துக் குழைந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அழுகிய இடத்தைக் கூரான பிளேடால் நல்ல சதை வரை வெட்டி எறிந்துவிட்டால் மீதி பிழைக்கும். லெதர் பக்கத்து உயிர்களை அடக்க டெர்பீன் வகை நச்சைத் தண்ணீரில் கசியவிடும். 70 லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பனை வலைப்பையில் போட்டு, நீர் ஓடும் இடத்தில் வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் அடங்கும்.

சின்னத் தொட்டிக்கு விரல் லெதர் என்கிற சினுலாரியா இன்னும் வசதி, உயரமாகத்தான் வளரும். கென்யா மரம் சாகவே சாகாது. கிளைகளைத் தானே உதிர்த்து உதிர்த்துத் தொட்டி முழுக்க நாற்று நடும், பிடுங்கப் பொறுமை இருந்தால் வையுங்கள். சீனியாவின் கைகள் மூடித் திறப்பதைப் பார்க்கத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். மேலே சொன்ன கூட்டத்தில் சூட்டுக்கு முதலில் கரைவது அதுதான், பார்சல் பயணத்தையும் தாங்காது. கரையும்போது தண்ணீரையும் கெடுக்கும். என் பட்டியலில் அதற்கு இடமில்லை.

கோமாளி மீனுக்காகக் கம்பள அனிமோன் (கடல் சாமந்தி) வாங்குவது இன்னொரு பழக்கம். அது இந்த அளவுத் தொட்டிக்கு உரியதல்ல. நடந்துபோய்ப் பவர்ஹெட்டில் மாட்டிக்கொண்டு அரைபட்டால் அன்றிரவே மொத்தத் தொட்டியும் போய்விடும். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடிக்கு அனிமோன் தேவையே இல்லை, லெதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இந்த மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கும் வேலையைச் செய்துவருகிறது. அப்படி வளர்ந்த குஞ்சைக் கேட்டு வாங்குங்கள், தீவனத்தை முதல் நாளே எடுக்கும்.

வெயிலுக்கு அடுத்தபடியாக மதுரைத் தொட்டியைச் சோதிப்பது ஷட்டவுன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகல் இரண்டுக்கும் வரலாம், ஐந்துக்கும் வரலாம். முந்தைய நாள் பேப்பரில் உங்கள் ஏரியா பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மென்பவளம் இருட்டில் ஐந்து மணி நேரம் இருப்பது ஒன்றுமே இல்லை. நீரோட்டம் நின்றால்தான் மீன் மூச்சுத்திணறும். வீட்டு இன்வெர்ட்டரில் தண்ணீரை ஓடவைக்கும் ஐந்து வாட் வேவ்மேக்கரையும் விசிறிகளையும் மட்டும் மாட்டுங்கள், லைட் வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏசி (மாறுமின்) பம்ப் உறுமிக்கொண்டு சூடாகும். டிசி (நேர்மின்) பம்ப் அல்லது சைன்வேவ் இன்வெர்ட்டர் நல்லது. இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில், சார்ஜ் ஏற்றி வைத்த சின்ன ஏர் பம்ப் ஒன்று போதும். மே மாத ஷட்டவுனில் சூடும் ஏறும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடி இறுக்கி மிதக்கவிட்டால், முழுக்க உருகும்போது 70 லிட்டரில் ஒன்றரை டிகிரி இறங்கும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில், அதற்குமேல் வேண்டாம். தினசரி குளிர்விக்க இந்த வழியைப் பழக்கமாக்கிவிடாதீர்கள், ஏறி இறங்கும் சூடுதான் கெடுதல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பிளக்கின்மேல் (பவளத் துண்டை ஒட்டித் தரும் சிறு வில்லை) அடிச்சதை படர்ந்து விளிம்பு வரை வந்திருந்தால் தொட்டியில் வளர்த்தது. உளியால் உடைத்த வெள்ளை முகம் தெரியும் கல்லோடு வந்தால் கடலிலிருந்து நேற்றுப் பெயர்த்தது. முன்னதை வாங்குங்கள். வாய் அகலத் திறந்து உள்சதை வெளியே தெரியும் காளான், நடுவில் வழுக்கை விழுந்த ஜிஎஸ்பி, தண்டில் பழுப்புக் குழி உள்ள லெதர், மூன்றும் வேண்டாம். அதே தொட்டியில் பழுப்பு நிறத்தில் சின்னப் பனைமரம்போல அய்ப்டேசியா என்னும் களை அனிமோன் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று வந்தால் நூறாகும். வந்துவிட்டால் மணமும் நிறமும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பைக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயில் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், பிஎச் எகிறும்.

சென்னை கொளத்தூரிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் வரவழைப்பதானால் இரவு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். இரட்டைப் பை, தெர்மோகோல் பெட்டி, கோடையில் பேப்பர் சுற்றிய ஜெல் பேக். விடிகாலையில் மாட்டுத்தாவணியில் வண்டி வரும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும், பெட்டியைப் பத்து மணி வெயிலில் வைத்துவிட்டு 'வந்து எடுத்துக்கோங்க' என்பார்கள். வீட்டில் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். திறந்தபின் அரை மணி நேரத்துக்குமேல் சொட்டுச் சொட்டாகப் பழக்க வேண்டாம். பை திறந்ததும் பிஎச் ஏறி, உள்ளே சேர்ந்த அம்மோனியா நச்சாக மாறத் தொடங்கும். டிப், ஒரு அலசு, தொட்டி. பைத் தண்ணீர் சாக்கடைக்கு. லைட்டை 30 சதவீதத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள்.

வாங்கும் பருவம் ஐப்பசி மழை தொடங்கிய பிறகு. தொட்டியை ஆவணியில் ஓடவிட்டால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் நிற்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஐப்பசியில் இரண்டு காளான், அவை விரிந்து நின்றால் கார்த்திகையில் ஜிஎஸ்பி, மார்கழியில் ஜோவா, தை மாதம் லெதர். பங்குனி பிறந்தபின் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். கத்திரி தொடங்கும் முன் விசிறியின் இறக்கையில் படிந்த உப்பைத் துடைத்து, லைட் எரியும் எட்டு மணி நேரத்தைப் பகலிலிருந்து மாலை ஐந்து முதல் இரவு ஒரு மணி வரைக்கு மாற்றிவிடுங்கள். பிற்பகல் உச்சச் சூட்டோடு லைட்டின் சூடும் சேராது. ஒரே நாளில் மாற்றாமல் தினம் அரை மணி நேரமாக நகர்த்த வேண்டும், ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால் திரை போட்டுக்கொள்ளுங்கள்.